இடிந்த ஆர்ச்சுக்கு யார் பொறுப்பு?

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, இந்தப் பொருளை முதல் அமர்விலேயே வைக்க இசைந்த மாண்புமிகு மேயர் அவர்களே, காலை முதல் அசையாமல் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் ஆணையர் அவர்களே, தலைமைப் பொறியாளர் அவர்களே, கேட்ட கோப்பை உடனே எடுத்துக்கொடுக்கும் சட்டப் பிரிவு அலுவலர்களே, வார்டு உறுப்பினர்களே, ஊதியமில்லாமல் மினிட் புத்தகமும் வரவு செலவும் எழுதிக் காப்பாற்றி வருகிற குடியிருப்போர் சங்கச் செயலாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய வழக்கறிஞர் ஐயா, பொதுச் சொத்து என்றால் என்ன என்பதை அத்தனை தெளிவாக விளக்கிவிட்டார்கள். என் வேலையில் பாதி குறைந்தது. அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். யானை தின்பது கண்ணுக்குத் தெரியும், அதற்குப் படியளப்பவர் யார் என்பதும் தெரியும். வீடு நின்ற இடத்தில் நின்றபடி சுண்ணாம்பையும் சிமெண்டையும் கூலியையும் தின்றுகொண்டே இருக்கும். ஒரு குடியிருப்பின் நுழைவாயிலில் நிற்கிற ஆர்ச்சும் அப்படித்தான். திறப்பு விழா அன்று எல்லோரும் அதற்குச் சொந்தக்காரர்கள். பத்தாண்டு கழித்து ஒரு லாரி மோதித் தூண் சரிந்த அன்று ஒருவரும் சொந்தக்காரர் இல்லை.

நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். மோதிய முதல் நாள் என்ன செய்வது? சேதத்துக்குக் காரணம் எது? ஆர்ச் யாருடையது? மறுபடி கட்டுவதா, வேண்டாமா?

முதல் நாளில் உரிமையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பாதை மாநகராட்சியுடையது, அதில் நடப்பவர் உயிர் மாநகராட்சியின் பொறுப்பு. அபாயம் என்று ஒருவர் தெரிவித்துவிட்டால், "எங்கள் ஆர்ச் இல்லை" என்ற பதில் எந்த நீதிமன்றத்திலும் அதிக நேரம் நிற்காது. ஆகவே முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். பெயர்ப் பலகை விளக்கின் வயர் தூணுக்குள்தான் போகும், தூண் விரிசல் விட்டால் வயரும் நசுங்கியிருக்கும். அடுத்தது தடுப்பு. ஆர்ச்சின் உயரம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு, சேதமான தூணைச் சுற்றி மட்டும் அல்ல, இரண்டு தூண்களையும் சுற்றித் தடுப்பு வையுங்கள். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். வளைவு என்பது இரண்டு தூண்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே நிற்கிற ஒன்று. ஒரு பக்கம் பிடி விட்டுப்போனால் தள்ளுகிற விசையின் சமன் கெடும், அடிபடாத தூணும் சாயலாம். முட்டுக் கொடுக்கும்போது மேல் உத்தரத்துக்கு அடியில் செங்குத்தாக மட்டும் கொடுத்தால் போதாது, தூணின் வெளிப்பக்கத்திலிருந்து சாய்வு முட்டும் வேண்டும். முட்டின் கால் மண்ணில் புதையாமல் இருக்க அடியில் பலகையோ இரும்புத் தகடோ வைக்க வேண்டும்.

இடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். கீழே தூணைத் தட்டி மேலே இருப்பதை விழவைக்கும் முறை ஆளைக் கொல்லும். 2025 பிப்ரவரியில் மதுரை மாட்டுத்தாவணியில், 1981 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கட்டிய நக்கீரர் தோரண வாயிலை இடிக்கும்போது தூண் சரிந்து, இயந்திரத்தை இயக்கியவர் உயிரிழந்தார். நீதிமன்ற உத்தரவு இருந்தது, இயந்திரம் இருந்தது, உயிர் போய்விட்டது. இடிப்பது கட்டுவதைவிடக் கவனமான வேலை என்று இந்த அவையில் இருக்கிற ஒவ்வொரு பொறியாளரும் ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

இந்தச் செலவையெல்லாம் அன்றைக்கு மாநகராட்சி செய்யட்டும். ரசீதுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். பிறகு யாரிடம் வசூலிப்பது என்பதை அந்தக் கோப்பு சொல்லும்.

அடுத்து, காரணம். லாரி மோதியது என்பது தெரிந்த விஷயம். ஆனால் நல்ல நிலையில் இருந்த தூண் என்றால் அழகுக்காக மேலே ஒட்டிய உறைக் கல் மட்டும் பெயர்ந்திருக்கும். ஏற்கெனவே உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த தூண் என்றால் ஒரே தட்டில் விழும். லாரியின் காப்பீட்டு நிறுவனம் சேதத்தை மதிப்பிட அனுப்பும் சர்வேயர் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட வேண்டும். உடைந்த கம்பியின் முனையைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் மின்னினால் அது அன்றைய முறிவு. செதில் செதிலாகப் பழுப்பாக இருந்தால் துரு பல வருடமாகத் தின்றிருக்கிறது. துரு தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும், அந்தப் புடைப்புதான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. விரிசலுக்குள் பாருங்கள். பழைய விரிசலில் தூசியும் பாசியும் இருக்கும், சில சமயம் போன முறை அடித்த பெயிண்ட்டே உள்ளே இறங்கியிருக்கும். பெயிண்ட் இருந்தால் விரிசல் பெயிண்ட்டைவிடப் பழையது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. புதிய விரிசல் வெளுப்பாகச் சுத்தமாக இருக்கும். உடைந்த முகத்தில் தூசியை ஊதிவிட்டு பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும், அங்கே கம்பிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. நிறம் மாறாத பகுதி காற்றால் கெட்டது. இதை உடைந்த உடனே செய்ய வேண்டும். பல வாரம் கழித்துச் செய்தால் உடைந்த முகமே காற்றில் கெட்டுப்போய், இல்லாத பழியைக் கட்டியவர் மேல் போடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். பெரும்பாலும் தூணின் தலையிலிருந்து. மேல் மூடிக்கு வெளிவிளிம்பும், அதன் அடியில் நீர் சொட்டி விழ ஒரு காடியும் (பள்ளக் கோடு) இல்லாவிட்டால் மழைநீர் தூணின் முகத்தோடு வழிந்து உள்ளே போகும். அழகுக்காகத் தூணின் அடியில் கட்டிய பூந்தொட்டி இன்னொரு எதிரி. தினமும் ஊற்றுகிற தண்ணீர் கம்பி முளைக்கும் இடத்திலேயே தேங்கும். உறைக் கல்லைப் பிடித்து நிறுத்தும் உலோகப் பின் இல்லாமல் வெறும் சிமெண்ட் உருண்டையால் ஒட்டியிருந்தால், மோதல் எதுவும் இல்லாமலே அது ஒரு நாள் யார் தலையிலாவது விழும்.

இன்னொன்றையும் அளக்கச் சொல்கிறேன். இதை மாநகராட்சி அலுவலர்கள் மனம் வருந்தாமல் கேட்க வேண்டும். சாலைக்கு மேல் போடும் ஒவ்வொரு தார் அடுக்கும் 30 முதல் 50 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பழையதைச் சுரண்டாமல் நான்கு முறை மேலே மேலே போட்டால், ஆர்ச்சுக்கு அடியில் வண்டி போகக் கிடைக்கும் உயரம் 12 முதல் 20 சென்டிமீட்டர் குறைந்துவிடும். பலகையில் எழுதிய உயரம் மாறாது. அந்தப் பலகையை நம்பி உள்ளே வந்த ஓட்டுநர் மேல் முழுப் பழியையும் போட முடியுமா? மோதல் தடம் இருக்கும் இடத்தை இன்றைய சாலை மட்டத்திலிருந்து அளந்து, வாகனத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பிரிட்டனில் 16 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த பாலங்களுக்கு உயரப் பலகை வைக்கிறார்கள். எந்த எண்ணை வைத்தாலும், சாலையை உயர்த்தியதும் அதைத் திருத்த வேண்டும்.

பொறியாளர் அறிக்கையில் இரண்டு பத்திகள் வேண்டும்: மோதல் செய்தது, மோதலுக்கு முன்பே இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிய அறிக்கையால் யாரிடமும் ஒன்றும் வசூலாகாது. உடைந்த துண்டுகளைக் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். எங்கே கிடந்தது என்று குறித்து, மூட்டைக்கு எண் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, ஆர்ச் யாருடையது? நிலத்தோடு ஒட்டியது நிலத்துக்கே சொந்தம் என்பது ரோமர் காலத்துச் சட்ட நெறி. அதனால் முதலில் நிலம் அளக்கும் சர்வேயரை அழைத்து, இரண்டு தூண்களையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு தூண் சாலை நிலத்திலும் இன்னொன்று முதல் மனைக்காரரின் நிலத்திலும் நிற்பது அரிதல்ல. பிறகு லேஅவுட் ஒப்புதல் வரைபடத்தில் ஆர்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மனை போட்டவர் சாலையை மாநகராட்சிக்கு ஒப்படைத்த பத்திரத்தையும் எடுங்கள். அதில் சாலை இருக்கும், பூங்கா இருக்கும், வடிகால் இருக்கும், விளக்குக் கம்பம்கூட இருக்கும், ஆர்ச் மட்டும் இருக்காது. கொடுக்கிறேன் என்று ஒருவர் சொல்வதும், எடுத்துக்கொண்டேன் என்று மற்றவர் சொல்வதும் சேர்ந்தால்தான் ஒப்படைப்பு முழுமை. அனுமதிக் கடிதம் இருந்தால் அதன் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். "கேட்கும்போது சொந்தச் செலவில் அகற்ற வேண்டும்" என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். மின் கட்டணம் யார் பெயரில் வருகிறது என்பது யார் கவனித்து வந்தார்கள் என்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது.

இதெல்லாம் எதற்கு? காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி "இழப்பு யாருக்கு?" என்பதுதான். மனை போட்ட கம்பெனி கலைந்துவிட்டது, சங்கத்தின் பதிவு காலாவதியாகிவிட்டது, மாநகராட்சி தன்னுடையது இல்லை என்கிறது என்றால், வண்டிக்காரர் பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க ஆள் இல்லை. கெடு முடிந்துவிடும். வாங்க ஆள் இருந்தாலும், தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். ஆண்டுதோறும் அது தின்றதற்குக் கணக்கு வைக்காத ஊரால் தேய்மானத்தை எதிர்த்து வாதாட முடியாது.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நீளமான கதை, நேரம் ஆனாலும் விழாத் தலைவர் பொறுத்தருள வேண்டும். லண்டன் நகரத்தின் மேற்கு எல்லையில் டெம்பிள் பார் என்றொரு வாயில். 1669 தொடங்கி 1672 வரை போர்ட்லாந்து கல்லில் கட்டியது, கிறிஸ்டோபர் ரென் கட்டியது என்று சொல்வார்கள். வளைவுக்கு மேலே ஓர் அறை. அந்த அறையைப் பக்கத்திலிருந்த சைல்ட் வங்கி வாடகைக்கு எடுத்துப் பழைய கணக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தது. அதாவது அந்த ஆர்ச் தன் தீனிக்குத் தானே கொஞ்சம் சம்பாதித்தது! இருநூறு வருடம் போனது. பக்கத்தில் நீதிமன்ற மாளிகைக்கு வேலை தொடங்கிய காலத்தில் வளைவின் நடுக்கல் இறங்கிவிட்டது. மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். சாலையோ நெரிசல். 1878-இல் பிரித்தார்கள். இடிக்கவில்லை ஐயா, பிரித்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, ஒரு கிடங்கு முற்றத்தில் அடுக்கினார்கள். அடுக்கியது அடுக்கியபடியே வருடக்கணக்கில் கிடந்தது.

அப்போது வருகிறார் மியூக்ஸ் சீமாட்டி. மது ஆலைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மேட்டுக்குடி அவரை ஏற்றுக்கொள்ளவில்லை, அதற்காக அவரும் ஒடுங்கிவிடவில்லை. வரிக்குதிரை பூட்டிய வண்டியை லண்டன் தெருவில் தானே ஓட்டியவர் என்று சொல்வார்கள். அந்த அம்மையார் கணவரிடம் கேட்டார், கல் எல்லாம் வண்டி வண்டியாக ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் தியோபால்ட்ஸ் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் மாளிகையின் நுழைவாயிலாக டெம்பிள் பார் மறுபடி எழுந்தது. மேலறையில் விருந்துகள் நடந்தன. அவர் காலமும் முடிந்தது. பிறகு மரத்தடியில் கேட்பாரற்று நின்றது. கடைசியில் ஓர் அறக்கட்டளை அமைத்து, முயன்று, 2004-இல் லண்டனுக்கே கொண்டுவந்து, புனித பால் பேராலயத்தின் அருகே நிறுத்தினார்கள். 126 ஆண்டுகள்! போன கல் திரும்பி வந்தது எப்படி? எண் இருந்தது. எந்தக் கல் எங்கே என்ற பதிவு இருந்தது.

அதே நகரத்தில் யூஸ்டன் ரயில் நிலையத்தின் ஆர்ச், 1837-இல் எழுந்தது. 1961, 62-இல் இடித்தார்கள். அதன் கற்களில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் ஒரு கால்வாயின் பள்ளத்தை அடைக்கப் போனது.

நான் ஊர் ஊராகச் சொல்லி வருவதும் இந்தப் பதிவைத்தான். ஒவ்வொரு மாநகராட்சியும் ஆர்ச், தூண், பெயர்ப் பலகை, வாயில் கேட் எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். ஒரு கட்டுமானத்துக்கு ஒரு பக்கம் போதும். சர்வே எண், எந்தத் தூண் யார் நிலத்தில், கட்டியவர், அனுமதிக் கடிதத்தின் நகல், பராமரிப்பவர், அவர் மாறினால் மாறிய தேதி, அளந்த உயரமும் அளந்த நாளும், கடைசியாகச் சோதித்த பொறியாளரின் கையொப்பம், நான்கு பக்கத்துப் படங்கள். ஆர்ச்சின் மேலேயே கண் மட்டத்தில் ஒரு சிறு தகடு: உரிமையாளர், பராமரிப்பவர், சோதித்த தேதி. ஒருவரும் உரிமை கோராத ஆர்ச்சுக்கு 90 நாள் அறிவிப்பு ஒட்டட்டும். அதற்குள் யாரும் வராவிட்டால் மாமன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும், அல்லது முறையாகப் பிரித்து எடுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் விடுவதற்கு இடமே இருக்கக் கூடாது. புதிய ஆர்ச் கேட்டு வரும் சங்கத்திடம் பராமரிப்பு வைப்புத்தொகையும் காப்பீட்டுச் சான்றும் இல்லாமல் அனுமதி தரவே கூடாது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். தீனிக்கு வழி சொல்லாதவர் யானை வாங்க முடியுமா?

நான்காவது கேள்விக்கு, மறுபடி கட்டுவதா என்பதற்கு, நேரம் இல்லை. பிற்பகல் அமர்வில் சாலைப் பாதுகாப்புப் பொறியாளர் அதைப் பேசுவார்கள்.

பதிவேட்டின் மாதிரிப் பக்கத்தை அச்சிட்டுக் கொண்டு வந்திருக்கிறேன். ஆணையர் அவர்களிடம் ஒரு படி, மேயர் அவர்களிடம் ஒரு படி கொடுக்கிறேன். சங்கச் செயலாளர்கள் வெளியே மேசையில் எடுத்துக்கொள்ளலாம். முதல் பத்தியை நிரப்ப நூலும் அளவு நாடாவும் இரண்டு ஆளும் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.