மக்கள் குரலே! – கன்னங்குறிச்சி பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மாட்டுப் பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கும் கன்னங்குறிச்சி மக்களுக்கும் வணக்கம்.

'அடைபட்டும் கைவிடப்பட்டும் கிடக்கும் உயிர்களைப் பெரிதும் காப்பது சட்டமா, மக்கள் குரலா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மக்கள் குரல் பக்கம். 27 வருடம் கால்நடை மருந்தகத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தவன். டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்வரை மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். எனக்கு முன்னால் பேசிய வழக்கறிஞர் சகோதரி மாதிரி சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொல்ல வராது. பார்த்ததைச் சொல்கிறேன்.

சகோதரி மனுநீதிச் சோழனை அழைத்து வந்தார். அரண்மனை வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணிதான் சட்டம், கன்றை இழந்த பசு அதை அசைத்தது, நீதி கிடைத்தது என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பசுவைக் கட்டிப் போடவில்லை. அதற்கு நடக்க முடிந்தது. மணிக்கயிறும் அதற்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

நம் ஊர் ராஜேஸ்வரிக்கு எது எட்டியது?

சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரியை இங்கே நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 2018-இல் அது விழுந்தது, எழவே இல்லை. வயது 42. யானைக்கு அது கிழ வயது கிடையாது. ஒரு மாடு விழுந்து இரண்டு நாள் எழாவிட்டாலே நாங்கள் அடியில் வைக்கோலை மெத்தை மாதிரி பரப்பி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு பேர் சேர்ந்து புரட்டிப் போடுவோம். இல்லாவிட்டால் கீழே இருக்கும் காலுக்கு ரத்தம் போகாது, மரத்துவிடும். அப்புறம் புண். யானையை யார் புரட்டுவது? கிரேன் வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் தன் எடையே அதன் நுரையீரலை அழுத்தும். மூச்சு விடுவதே வேலையாகிவிடும்.

அப்போது சட்டம் இல்லையா? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இருக்கிறது, அதிகப் பாதுகாப்புத் தருகிற அதன் முதல் அட்டவணையிலேயே யானை இருக்கிறது. இத்தனையும் இருந்தும் ராஜேஸ்வரியின் வலி சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. விலங்குகளுக்காகப் பேசுகிற ஒருவர் மனுப் போட்டார். அதன் பிறகுதான் நீதிபதிகள் விசாரித்தார்கள். மருத்துவர்கள் பரிசோதித்து, இனி உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று சான்று தந்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று 2018 ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஊசிக்கு வேலை வைக்காமல், அடுத்த சில நாட்களில் அதுவே போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு நான் அழுதேன். அழுதுகொண்டே ஒன்றை நினைத்துப் பார்த்தேன். மாடு நடந்து வருகிற நடையை வைத்தே எந்தக் குளம்பில் நோவு என்று சொல்லிவிடுவேன், அதுதான் என் தொழில். அந்த யானைக்கு முன்னால் எத்தனை தடவை நின்றிருக்கிறேன்! பத்து ரூபாய் நீட்டியிருக்கிறேன், தலையைக் காட்டியிருக்கிறேன், ஆசி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். 'இது எப்படி நிற்கிறது, கால் எப்படி இருக்கிறது' என்று ஒருநாள்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டம் அன்றும் புத்தகத்தில் இருந்தது. பேசியிருக்க வேண்டியவன் நான். அந்தக் கடனைத்தான் இன்றைக்கு இந்த மேடையில் கொஞ்சம் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

சகோதரி இன்னொன்றும் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998-இல் அரசு அறிவித்ததால்தான் சர்க்கஸ் கூடாரத்தில் இன்று சிங்கம் இல்லை. உண்மை. ஆனால் அந்த 1960-ஆம் வருடச் சட்டம் எப்படிப் பிறந்தது? மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுந்து நின்று, விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு, அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதி தந்தார். பிறகு வந்ததுதான் இது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். நாட்டியத்துக்காக உலகம் கொண்டாடிய ஒரு பெண்மணி, ஓட்டுப் போடத் தெரியாத ஜீவன்களுக்காக எழுந்து நின்று பேசியிருக்கிறார். தாய் யார், பிள்ளை யார் என்று நடுவர் ஐயாவே சொல்லட்டும்.

இப்போது ஏற்காட்டு மலைக்கு வாருங்கள். மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தைத் தாண்டியதும் ஒரு தங்கச்சி தள்ளுவண்டியில் இளநீர் விற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அங்கே வண்டியை நிறுத்தியபோது, ரோட்டோரம் ஒரு லாப்ரடார் பெட்டைநாய் உட்கார்ந்திருந்தது. தெருநாய் இப்படி உட்காராது. கார் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கார் வந்தது, அசையவில்லை. பஸ் வந்தது, அசையவில்லை. வெள்ளைக் கார் ஒன்று வேகம் குறைந்ததும் எழுந்து ஓடியது. பின் கதவுப் பக்கம் போய் நின்றது. கார் போய்விட்டது. திரும்பி வந்து அதே இடத்தில், அதே கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து ஒரு வட்டத் தடம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இறக்கியிருக்கிறார்கள். நகம் நீளமாக வளைந்திருந்தது. தரையில் ஓடித் தேய்ந்த நகமில்லை, கூண்டுக்குள்ளேயே இருந்த நகம். காது மடலுக்குள் உண்ணி. மடி தொங்கிப் போயிருந்தது. எத்தனை ஈத்துக் குட்டி எடுத்து விற்றார்களோ, இனி சினை நிற்காது என்று தெரிந்ததும் மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இளநீர் வழுக்கையை நீட்டினேன். முகர்ந்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தது.

அந்தத் தங்கச்சி சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மூணு நாளாச்சுங்கண்ணா. நான் பார்த்துட்டேதான் இருந்தேன். கதவத் தொறந்தாங்க, பிஸ்கட்ட வீசினாங்க, அது எடுக்கப் போச்சு, வண்டிய எடுத்துட்டாங்க. என்னத்துக்கு எறக்கறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஏத்திட்டுப் போயிருப்பாங்களோ என்னமோ. நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

நான் சட்டத்தைத்தான் நம்பிப் போனேன், ஐயா. ஒரு காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். வண்டி எண் என்ன என்றார்கள். தெரியாது. யார் விட்டது? தெரியாது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, எதை வைத்து எழுதுவார்கள்? சரி, ஆள் கிடைத்திருந்தால்தான் என்ன தண்டனை? காரணமில்லாமல் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960 சட்டப்படி குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அன்றைக்குப் போட்ட தொகை, இன்றும் அதுதான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற பெட்ரோலுக்கே அதைவிடக் கூட ஆகும். கொன்றாலோ ஊனமாக்கினாலோ, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 வருடம்வரை சிறை உண்டு. ஆனால் அவர்கள் கொல்லவில்லையே. பிஸ்கட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த நாயைத் தங்கச்சியே வைத்துக்கொண்டது. அதோடு முடியவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் ஒரு கார் நின்றது. டிக்கியைத் திறந்து ஒரு சாக்கை எடுத்தார்கள், சாக்கு அசைந்தது. இந்தத் தடவை தங்கச்சி வெட்டுக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏனுங்க, என்னத்த எறக்கறீங்க?" என்று சத்தம் போட்டுக் கேட்டிருக்கிறது. சாக்கு உள்ளே போனது, டிக்கி மூடியது, வண்டி கிளம்பியது. அடுத்த வளைவில் விட்டிருக்க மாட்டார்களா என்று எதிரணி கேட்கும். அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பத்தாவது வளைவுவரை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒன்றும் இல்லை. அன்றையிலிருந்து அந்தத் தள்ளுவண்டியில் ஒரு பேனா கயிற்றில் கட்டித் தொங்குகிறது. வண்டி எண் எழுதுவதற்கு.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், அந்தத் தம்பி, கோபமாகவே கேட்டார்: "நாய்க்குக் குரல் கொடுக்கிறீர்களே, கடிபட்ட குழந்தைக்கு யார் குரல் கொடுப்பது?" நியாயமான கோபம். வெறிநோய் முற்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கடிபட்ட பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நாய்க்கு வக்காலத்து வாங்குகிறவன் நானில்லை, தம்பி. ஆனால் அந்தத் தெருவில் எந்த நாய்க்குக் கருத்தடை ஆகி, அதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டியிருக்கிறது, எதற்கு ஆகவில்லை, எது இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் எச்சில் ஒழுகத் திரிகிறது என்று யாருக்குத் தெரியும்? தினமும் அவற்றுக்குச் சோறு வைக்கிற பாட்டிக்குத் தெரியும். நாய் பிடிக்கிற வண்டி வந்தால் வாலாட்டிக்கொண்டு கிட்டே வருவதும் அந்தப் பாட்டி கூப்பிட்டால்தான். குழந்தையைக் காப்பாற்றுவதும் அந்தக் குரல்தான்.

2025 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். டெல்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடையுங்கள் என்று 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 22-ஆம் தேதி, மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதைத் திருத்தினார்கள்: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது. நீதிபதிகள் கூட்டத்துக்குப் பயந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்பதற்கு முதலில் சத்தம் இருக்க வேண்டுமல்லவா?

பச்சைக்கிளிக்கு வருகிறேன். வீட்டில் கிளி வளர்ப்பது 1972 சட்டப்படி குற்றம் என்று இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் தெருவில் ஒரு வீட்டு வராந்தாவில் கூண்டு தொங்கியது. 9 வருடக் கிளி. அந்த வீட்டு அம்மா கெட்டவர் இல்லை, பழம் வாங்கிப் போடாமல் சாப்பிட மாட்டார். எந்த அதிகாரியும் வரவில்லை. ஆறாவது படிக்கிற பேத்திதான் ஒருநாள், "ஆயா, இது பறந்து நான் பார்த்ததே இல்லையே" என்றது. அந்த அம்மா அன்று ராத்திரி தூங்கவில்லையாம். மறுநாள் என்னிடம் வந்தார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இறகு வெட்டிய கிளியை மொட்டை மாடியில் திறந்துவிடாதீர்கள், சாயங்காலத்துக்குள் பூனைக்கோ காக்கைக்கோ போய்விடும். வனத்துறையிடம் கொடுங்கள். அப்படித்தான் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மாட்டுக்கு இன்று பொங்கல் வைத்தோம், கொம்புக்கு வர்ணம் அடித்தோம். கறவை நின்றதும் அதே மாட்டைச் சந்தைப் பக்கம் அவிழ்த்துவிடுகிறோம். கலப்பினக் காளைக்கன்று என்றால் பிறந்த வாரமே. தீவனம் விற்கிற விலையில் விவசாயியைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் ரோட்டில் விட்ட மாடு எதைத் தின்கிறது தெரியுமா? இடது விலாவில் கிழித்து டாக்டர் தோள்வரை கையை விட்டு இழுக்க, நான் பக்கெட்டைப் பிடித்திருக்கிறேன். முடிச்சுப் போட்ட கேரி பேக், அதற்குள் இன்னும் சாம்பார் வாசம். சாக்கு நூல், ஊக்கு. இரண்டு பக்கெட் நிறைந்தது. ஒரு முறை உபயோகிக்கிற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தது 2019 ஜனவரி 1. நான் சொல்லும் ஆபரேஷன் அதற்கு அப்புறம் நடந்தது. கடையில் 'பை வேண்டாம்' என்று வாய் திறந்து சொல்கிறவர்தான் அந்த வயிற்றைக் காப்பாற்ற முடியும்.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. முடிக்கிறேன்.

நாளைக்குக் காணும் பொங்கல். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கும் ஏற்காட்டுக்கும் போவீர்கள். பூங்காவில் யாராவது கூண்டுக் கம்பியைத் தட்டினால் பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும், காவலர் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். மலைக்கு ஏறுகிறவர்கள் அந்த இளநீர் வண்டியில் நிறுத்துங்கள். பேனா தொங்கும், அதுதான் அடையாளம். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து ஒரு லாப்ரடார் படுத்திருக்கும், பெயர் ராணி. வெள்ளைக் காரில் போனால் எழுந்து வந்து பின் கதவுப் பக்கம் நிற்கும். பயப்படாதீர்கள், கடிக்காது. ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.