எல்.கே.ஜி. நோட்டு யாருக்காக?

[திரையில்: எல்.கே.ஜி. நோட்டின் ஒரு பக்கம். மேலிருந்து கீழ்வரை 'அ'. ஓரத்தில் சிவப்பு மையில் 'குட்'.]

வணக்கமுங்க. திருப்பூர்ப் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் நான் டீச்சர்.

இந்த நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்றரை வயதுப் பிள்ளையுடையது. முதல் வரியில் அ ஓரளவு அ மாதிரி நிற்கிறது. கீழே வரவரப் படுத்துவிடுகிறது. கடைசி இரண்டு வரி திடீரென்று அழகாகிவிட்டது, இல்லையா? அது பிள்ளை எழுதியது இல்லை. கையைப் பிடித்து டீச்சர் எழுதியது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அப்படியானால் இந்த நோட்டு யாருக்காக? அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

[திரையில்: கை எக்ஸ்ரே இரண்டு. ஒன்று பெரியவருடையது, ஒன்று குழந்தையுடையது.]

முதலில் கையைப் பார்த்துவிடுவோம். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் தெரியாது. மூன்று வயதில் இரண்டோ மூன்றோதான் எலும்பாகத் தெரிய ஆரம்பித்திருக்கும். எட்டாவது தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். விரல் தசைகளும் அப்படித்தான், மெதுவாக வலுக்கும். வட்டம் பார்த்து வட்டம் போட மூன்று வயது, கூட்டல் குறி போட நான்கு வயது, முக்கோணத்துக்குச் சுமார் ஐந்து வயது ஆகும். இதில் பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். கூட்டல் குறியே போட வராத கையிடம் சுழி, வளைவு, கோடு மூன்றும் சேர்ந்த 'அ'வைக் கேட்கிறோம். பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்திக் காகிதத்தைக் கிழிக்கிற பிள்ளையைச் 'சொல்பேச்சு கேட்காதது' என்கிறோம்.

நம் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு 'மாண்டிசோரி' போர்டு தொங்குகிறது. அந்த மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் பென்சிலுக்கு முன்னால் உப்புத்தாளில் வெட்டிய எழுத்து வரும். பிள்ளை அதை விரலால் தடவிப் பார்க்கும். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலை வைத்து எழுதியதும் ஏறக்குறைய அதுதான். போர்டில் அவர் பெயரை எழுதிவிட்டு உள்ளே நாலுகோடு நோட்டு கொடுக்கிறவர்களை என்ன சொல்வது!

[திரையில்: இரவு. கம்பெனி வாசலில் வேன், இறங்கும் பெண்கள்.]

சரி, டீச்சர்களுக்கு இது தெரியாதா? முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். பின் ஏன் எழுத வைக்கிறோம்? பெற்றோர் கேட்கிறார்கள். "ஏனுங்க டீச்சர், புள்ள சும்மா வெளையாடிட்டே வருதே, எழுத ஒண்ணும் குடுக்கலீங்களா?"

இதை வைத்துப் பெற்றோரைத் திட்டி நிறைய வீடியோ வந்துவிட்டது. நான் திட்டப் போவதில்லை. இங்கே பனியன் கம்பெனிக்குப் போகிற பெற்றோருக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு இறங்குவது. ஓவர்லாக், பேட்லாக் என்று தையல் மெஷினோ, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கோ, எதுவானாலும் அதே கதை. ஷிப்ட்டுக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை சம்பளம் வரும், அதனால் அந்த அரை ஷிப்ட்டை யாரும் விடமுடியாது. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும் அம்மாவுக்குப் பிள்ளை பெரும்பாலும் தூங்கியபடிதான் கிடைக்கும். இன்று யாரோடு விளையாடியது, என்ன சாப்பிட்டது, எதற்கு அழுதது என்று சொல்ல ஆளில்லை. பையைத் திறந்தால் நோட்டு இருக்கும். கட்டிய பீஸுக்கு அது ஒன்றுதான் ரசீது. அது காலியாக இருந்தால் பயப்படத்தானே செய்வார்கள்?

ஆகவே இது படிப்புப் பிரச்சினை மட்டும் இல்லை, வேலை நேரப் பிரச்சினையும்கூட. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே, பின்னால் வந்த திருத்தத்தோடு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று சொன்னது. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேர் வேலை செய்கிற இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. உங்கள் கம்பெனியில் அந்த அறை எங்கே இருக்கிறது? பூட்டியிருக்கிறதா, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா? தனியாகக் கேட்டால் நிர்வாகத்தின் கண்ணில் பட்டுவிடுவீர்கள், அதனால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

[திரையில்: அங்கன்வாடி. வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள்.]

அப்புறம், நோட்டில் ஏறாத பாடம் ஒன்று இருக்கிறது. மூன்று வயதில் பிள்ளை அதைத்தான் முழுநேரமும் படிக்கிறது: யாரை எப்படிக் கூப்பிடுவது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது.

கொங்குநாட்டுக்காரர்களுக்கு மரியாதை நாக்கிலேயே இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். டீச்சருக்கு 'வாங்க', டாக்டருக்கு 'வாங்க', பாட்டி தாத்தாவான அம்முச்சிக்கும் அப்பாருக்கும் 'வாங்க'. கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கால் கழுவிவிடுகிற ஆயாம்மாவை மட்டும் நான்கு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி 'இங்க வா' என்கிறது. அது வகுப்பில் கற்றதில்லை. தோட்டத்து வேலைக்கு வரும் பெரியவரை வீட்டில் எப்படி அழைக்கிறார்களோ, அப்படி. 2018-இல் அவிநாசி வட்டாரத்தில் ஒரு அரசுப் பள்ளியில், பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சில பெற்றோர் தகராறு செய்தது செய்தியாக வந்ததே, அந்தப் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றது எந்த நோட்டில் இருக்கும்?

இதனால்தான் வசதி உள்ளவர்களும் அங்கன்வாடியை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன். 1975-இல் தொடங்கிய திட்டம் அது. மதியச் சோறும் வாரத்தில் மூன்று நாள் முட்டையும் உண்டு. எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்காருகிறது. குறை இல்லாமல் இல்லை. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். பதிவேடு எழுதி முடிக்கவே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. ஆனாலும் 'பால்வாடிதானே' என்று இளக்காரமாகச் சொல்லும்போது, அங்கே சாப்பிடுகிற பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

[திரையில்: நூல் கோன்களை அடுக்கி விளையாடும் பிள்ளைகள்.]

விளையாட்டுச் சாமான் வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்லாதீர்கள். இங்கே கம்பெனிகளில் நூல் சுற்றி வரும் கூம்பு, அதாவது காலி நூல் கோன், மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அடுக்கினால் கோபுரம், வரிசைப்படுத்தினால் கணக்கு. துணி வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டை நிறம் பிரிக்கச் சொல்லுங்கள், முடிச்சுப் போடச் சொல்லுங்கள். எழுதப் போகிற விரலுக்கு அது நல்ல பயிற்சி. பட்டன் மட்டும் வேண்டாம், விழுங்கிவிடும். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை எங்கள் வகுப்பில் தமிழ் பேச ஆரம்பித்ததும் இந்தக் கோன் சண்டையில்தான்: "என்றது குடுங்க!" என்னுடையதைக் கொடுங்கள் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு அது. எந்த நோட்டும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்காது. அந்த வீட்டுக்காரர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: வீட்டில் ஒடியாவை நிறுத்தாதீர்கள். ஆங்கிலம் வேண்டும் என்று வீட்டுத் தமிழை நிறுத்துகிற நம்மவர்களுக்கும் அதேதான்.

போன் பற்றித் தனி வீடியோ போடலாம். இப்போதைக்கு இது: உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டு முதல் நான்கு வயது வரை திரை ஒரு மணி நேரத்துக்குள், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றது. மூன்று, நான்கு வயதுக்கு பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கமும் வேண்டும் என்றது. தூங்காமல் அம்மாவுக்காக ராத்திரி வெகுநேரம் போனோடு விழித்திருக்கிற பிள்ளை காலையில் என் வகுப்பில் தூங்கினால் நான் எழுப்புவதில்லை.

[திரையில்: பள்ளி வாசலில் 'அட்மிஷன் நடைபெறுகிறது' பேனர்.]

சேர்க்கைக்குப் போகும்போது நோட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். காலை பத்தரை மணி வாக்கில் போய் வாசலில் நின்று கேளுங்கள். எல்லோரும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கிற சத்தம் மட்டும் வந்தால் யோசியுங்கள். கழிப்பறையைப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா, பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள் என்று விசாரியுங்கள். எழுத வைக்க எந்த வயதில் தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். அப்படியே டீச்சருக்கு என்ன சம்பளம் என்றும் கேளுங்கள். வருஷத்துக்கு மூன்று டீச்சர் மாறுகிற இடத்தில் எந்தப் பிள்ளையும் நிம்மதியாக உட்காராது. நிர்வாகத்துக்குக் கோபம் வரும், பரவாயில்லை, கேளுங்கள்.