குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை

தலைவர் ஐயா அவர்களே, எனக்குன்னு ஒரு பாயிண்ட் கூட மிச்சம் வைக்காம பேசி முடிச்ச பேராசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரையில என் பேரை ரெண்டு விதமா சொன்ன செயலாளர் தம்பி (ரெண்டுமே நல்லாதான்ப்பா இருந்துச்சு), ஃபேனுக்கு நேரா இடம் பிடிச்ச கடைசி வரிசை இளைஞர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

சுதந்திரம், அறம், பூரணமான தீர்வு, மூணையும் இருபது நிமிஷத்துல பேசச் சொல்லிருக்காங்க. பார்ப்போம்.

1958ல ஆக்ஸ்ஃபோர்டுல ஐசையா பெர்லின்னு ஒரு தத்துவ அறிஞர் பேசினாரு. சுதந்திரத்துல ரெண்டு வகை, ஒண்ணு 'என் வழியில குறுக்க வராதே', இன்னொண்ணு 'என் வாழ்க்கைக்கு நான்தான் எஜமான்'. ரெண்டாவது கேக்க அழகா இருக்கும், ஆனா 'உனக்கு நெசமா என்ன வேணும்னு உன்னைவிட எனக்குத்தான் தெரியும்'னு ஒருத்தன் வந்து நம்ம பேராலயே நம்மள ஆளுறதும் அந்த வாசல் வழியாதான்னாரு. 1917ல, ஏழு வயசுல, ரஷ்யப் புரட்சி நேரத்துல பெட்ரோகிராட் தெருவுல ஒரு போலீஸ்காரரைக் கும்பல் இழுத்துட்டுப் போனதைக் கண்ணால பார்த்த மனுஷன் அவரு. அவருக்குப் பிடிச்ச வரி ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1784ல எழுதினது, மனுஷன்ங்கிற கோணல் கட்டையில நேரா எதையும் செதுக்க முடியாதுன்னு. நம்ம ஔவை நாலே வார்த்தையில முடிச்சுட்டா, குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை. தலைவர் சிரிக்கிறாரு, இதே மேடையில மூணாவது வருஷமா இதைச் சொல்றேன்.

எங்கம்மா கதை ஒண்ணு. எண்பத்தோரு வயசு, ஒருநாள் வழுக்கி விழுந்துட்டாங்க, அடி ஒண்ணும் இல்ல. நாங்க மூணு பிள்ளைங்களும் வீடியோ கால்ல உக்காந்து, அண்ணன் இன்ஜினியர் வேற, பிளான் போட்டு, பாத்ரூம்ல கம்பி, தரையில மேட், ரூமுக்கு ரூம் கேமரா, கழுத்துல ஒரு பெல், எல்லாம் பண்ணியாச்சு. அவங்களை மட்டும் யாரும் கேக்கல. ஒரே வாரத்துல ஹால் கேமரா இருட்டு. ரிப்பேர்னு நினைச்சு ஆளை அனுப்பினா அதுமேல துண்டு தொங்குது. 'ஏம்மா?' 'காயப் போட்டேன்.' மறுநாளும் துண்டு. அண்ணன் கத்துனாரு, நான் அழுதேன், தங்கச்சி பேசுறதையே நிறுத்திட்டா. மூணாவது தடவை கேட்டப்போ நிதானமா சொன்னாங்க, 'விழுந்தா நான்தானடா விழப்போறேன்.'

சத்தியமா சொல்றேன், அப்புறம் விழவும் விழுந்தாங்க. மணிக்கட்டுல மாவுக்கட்டு. கட்டுப்போட்ட கையோடயே துண்டையும் மாட்டினாங்க. அவங்க செஞ்சது சரியான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது, பாதுகாப்பும் நல்லதுதான் சுதந்திரமும் நல்லதுதான், ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு குறையும், குறைஞ்சதுக்கு ஈடு கிடையாது. பெர்லின் சொன்னதும் இதைத்தான். அம்மா மேல குத்தம் பார்த்த அந்த ரெண்டு மாசம் எங்களுக்குள்ள சுற்றமும் இல்ல.

அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன். ஆஸ்பத்திரியில எண்பது வயசுக்காரர் நாற்காலியில உக்காந்திருக்க, பின்னாடி நிக்கிற பையனைப் பார்த்து 'ஆபரேஷன் பண்ணிடலாமா?'ன்னு கேக்குறாங்களே, அது யாரோட உடம்பு? முதல் கேள்வி நாற்காலியில இருக்கறவங்களுக்குத்தான்னு விதி வரணும்.

சீட்டு வந்துடுச்சு, ரெண்டாவது மூணாவது பாயிண்ட் அடுத்த வருஷம். வாசல்ல மனு இருக்கு, கையெழுத்துப் போடுங்க. ஆனா வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கும் சேர்த்து நீங்களே போட்டுறாதீங்க.