கிளையை எங்கே வெட்டுவது?

வணக்கம் நேயர்களே.

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருக்களில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். ஒரு டிராக்டர் வந்து நிற்கும். இரண்டு பேர் வெட்டுக்கத்தியோடு வேம்பிலோ புங்கையிலோ ஏறுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் மரம் பாதியாகிவிடும். கீழே விழுந்த தழையை ஆடு வளர்ப்பவர்கள் கட்டிக்கொண்டு போவார்கள். ஐப்பசி மழைக்காற்றில் கிளை கம்பி மேல் விழக்கூடாது, அதனால் வெட்டித்தான் ஆகவேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதில்தான் சண்டை.

கிளையை அளவாக வெட்டிவிடுகிற கவாத்து என்றால் என்ன என்று மல்லிகை போடுகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை வாக்கில் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டிவிடுவார்கள். வெயில் ஏற ஏறப் பூ கொட்டும். செடிமுருங்கையும் அப்படித்தான். ஒரு காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவில் வெட்டிவிட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும். தொல்லை எங்கே வருகிறது என்றால், இந்தப் பழக்கத்தை அப்படியே வேம்புக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் கொண்டு போகிறோம். "மொட்டை அடிச்சா நல்லாத் துளிர்க்கும் சார்" என்பார்கள். துளிர்க்கும், உண்மைதான். இலை மொத்தத்தையும் இழந்த மரம், சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துப் பட்டினியில் விடுகிற துளிர் அது. வெட்டிய முனையைச் சுற்றி விளக்குமாற்றுக் குச்சி போலப் பத்து இருபது போத்துகள் கிளம்பும். இயல்பாக வளர்ந்த கிளைக்கு உள்ளே ஆழமான பிடிப்பு உண்டு. இந்தப் போத்துகள் பட்டைக்குக் கொஞ்சம் கீழேயிருந்து புறப்பட்டவை. நாலைந்து வருடத்தில் கை பருமனாகிக் கனக்கும், அடியில் வெட்டுவாய் உளுத்துக்கொண்டிருக்கும். ஒரு காற்றுக்கு உடைந்து விழுவது இவைதான். ஆபத்து வேண்டாம் என்று மொட்டை அடித்துவிட்டு, ஐந்து வருடத் தவணையில் ஆபத்தை வாங்கி வைக்கிறோம்.

இப்போது கிளை தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். அடுத்த முறை வேம்பின் அடியில் நிற்கும்போது நிமிர்ந்து பாருங்கள். கிளை புறப்படும் இடத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டது போல ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். மேல்பக்கம், கவட்டையில், பட்டை நெருக்குண்டு கரடுமுரடாக ஒரு வரி ஓடும். இந்தப் புடைப்பைக் காலர் என்கிறார்கள். நான் கழுத்து என்றுதான் சொல்வேன். மரத்தின் தற்காப்பு முழுக்க அந்தக் கழுத்தில் இருக்கிறது. வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். கழுத்தைச் சீவிவிடவும் கூடாது, அதைத் தாண்டி ஒரு சாண் கட்டையை நீட்டி விடவும் கூடாது. நீட்டிவிட்ட கட்டை காய்ந்து, இற்று, நோயை உள்ளே அழைத்துப் போகும். சீவிவிட்டால் காயம் தண்டின் மேலேயே விழுந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டு வாசல் வேம்பில் ஒரு தொடைப் பருமன் கிளையை எடுத்தேன். தண்டோடு தண்டாக, தச்சர் இழைத்தது போல வழவழவென்று அறுத்தேன். மேலே தார் பூசினேன். தெருவே பாராட்டியது. இருபது வருடம் கழித்து அந்த இடத்தில் கை நுழைகிற பொந்து. ஒரு ஜோடிக் கிளி குடியிருந்தது. கிளிக்குச் சந்தோஷம். குச்சியை விட்டுப் பார்த்தேன், முழங்கை நீளத்துக்குக் கீழே இறங்கியது.

ஏன் கீழே இறங்கியது? அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர், ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். 1970-களில் அவர் சொன்னதுதான் இன்றைய மரப் பராமரிப்புக்கு அடிப்படை. நம் தோலில் காயம் பட்டால் அதே இடத்தில் புதுச் சதை வளர்கிறது. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. அடிபட்ட பகுதியை அது ஆற்றாமல், சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. மேலும் கீழும் எழுப்பும் சுவர் பலவீனமானது, அதனால்தான் உளுப்பு நீளவாக்கில் ஓடுகிறது. காயத்துக்குப் பிறகு புதிதாக வளரும் வளையம்தான் பலமான சுவர். தார், பெயின்ட், சாணி எதுவும் இந்த வேலையைச் செய்யாது. பழத்தோட்டத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவுவது குறிப்பிட்ட பூஞ்சண நோய்களுக்காக, அது வேறு கணக்கு. தெரு மரத்துக்குச் சரியான இடத்தில் விழுந்த வெட்டே மருந்து.

கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்கக் கூடாது. பாதி அறுக்கும்போதே எடை தாங்காமல் கிளை முறிந்து, பட்டையை வாழைநார் உரிப்பது போலத் தண்டு வரைக்கும் கிழித்துக்கொண்டு போகும். அதனால் மூன்று அறுப்பு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து முழு அறுப்பு. கிளை விழுந்துவிடும். இப்போது கையில் எடையில்லாத ஒரு கட்டை மட்டும் இருக்கும், அதை நிதானமாகக் கழுத்துக்கு வெளியே எடுக்க வேண்டும். இதற்கு ரம்பம் வேண்டும். வெட்டுக்கத்தியால் கொத்தினால் கட்டையின் முனை சிதறிப் போகும்.

கம்பிக்காக உயரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் கிளையை நடுவில் துண்டிக்காமல் ஒரு பக்கக்கிளை வரைக்கும் பின்வாங்கி வெட்டலாம். அந்தப் பக்கக்கிளை, எடுக்கிற கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது தலைமையை ஏற்கும். ஒரு வருடத்தில் மரத்தின் இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் ஏ300 என்ற தரநிலை வழியாகப் பரவிய வரம்பு. வயதான மரத்துக்கு அதுவும் அதிகம். பிரிட்டனில் இந்த வேலைக்கென்று பிஎஸ் 3998 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள், 2010-இல் திருத்தினார்கள். அங்கே தேர்வு எழுதித் தகுதி பெற்றவர்கள் உண்டு. நம் ஊரில் மரம் ஏற வருபவரிடம் நாம் கேட்கிற ஒரே கேள்வி, "எவ்வளவுப்பா ஆகும்?"

அந்தக் கேள்வியில்தான் பாதிக் கெடுதல் இருக்கிறது. கூலியைக் குறைக்க, "விறகை நீங்களே எடுத்துக்கோங்க" என்று பேசி முடிக்கிறோம். அப்புறம் ஏறியவர் பட்டுப்போன சுள்ளியை எடுப்பாரா, பருத்த கிளையை எடுப்பாரா? அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கூலியை முழுசாகக் கொடுங்கள், விறகு உங்கள் வாசலில் கிடக்கட்டும். பருத்த கிளை தானாகத் தப்பிவிடும். முப்பது வருட அனுபவத்தில் நான் கண்ட மிக மலிவான மரப் பாதுகாப்பு இது.

ஏறுபவரின் உயிரும் இதில் சேர்த்திதான். கம்பியில் கரண்ட் இல்லை என்பதை மின்வாரிய ஆள் சோதித்துச் சொன்ன பிறகே ஏற வேண்டும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ தப்பாக இணைக்கப்பட்டிருந்தால் அணைத்த கம்பியிலும் கரண்ட் வரும். இடுப்புக் கயிறு, தலைக்கவசம், கீழே யாரும் வந்துவிடாமல் தடுத்து நிறுத்த ஒருவர். கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை. முருங்கையில் யாரும் ஏற வேண்டாம், பருத்தாலும் அது தூணாகாது என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்தவை ஏராளம். நடைபாதைக்கும் குழாய்க்கும் கேபிளுக்கும் வேரை அறுத்துவிட்டு, மேலே கிளையை எவ்வளவு ஒழுங்காகக் கவாத்து செய்தாலும் மரம் நிற்காது.

கன்றாக இருக்கும்போதே கவனித்தால் இத்தனை ரம்பமும் தேவைப்படாது. இரண்டு தண்டு சமமாகக் கிளம்பி ஒன்றையொன்று நெருக்கினால், சுண்டுவிரல் பருமனில் இருக்கும்போதே ஒன்றைக் கத்தரித்துவிடுங்கள். அந்தக் காயம் சீக்கிரமே மூடிக்கொள்ளும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்கள் ஏறுவதற்கு முன்னால், எடுக்க வேண்டிய கிளைகளின் கழுத்துக்கு வெளியே சாக்பீஸால் கோடு போட்டுவிடுவோம். கைக்கு எட்டாததை ஏறுபவரிடமே சாக்பீஸைக் கொடுத்துப் போடச் சொல்வோம். முதல் வருடம் சிரித்தார்கள். போன வருடம் வந்த ஒரு பையன், கோடு போடாத ஒரு கிளையைக் காட்டி, "இதுக்குக் கழுத்து எது சார், கண்டுபிடிக்க முடியலையே?" என்று கிளையில் உட்கார்ந்தபடியே கேட்டான். நானும் கீழேயிருந்து பார்த்தேன். எனக்கும் உடனே தெரியவில்லை. பத்து நிமிடம் இருவரும் பார்த்துவிட்டு, அந்தக் கிளையை அப்படியே விட்டுவிட்டோம்.

வணக்கம்.