கெரட்டோகோனஸ்: காலம் கடத்தக் கூடாத கருவிழி நோய்

நேயர்களுக்கு வணக்கம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிக்கட்டும் பவர், ஏறிக்கொண்டே போகிறது. புதுக் கண்ணாடி போட்டும் கரும்பலகையில் உள்ள எழுத்துக்கு நிழல் விழுவதாகப் பிள்ளை சொல்கிறது. செல்போன் பார்ப்பதால் வந்த கோளாறு என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால், இப்படி வரும் பிள்ளைகளில் சிலருக்குக் கெரட்டோகோனஸ் என்னும் கருவிழி நோய் இருப்பதைக் கண் மருத்துவர்களாகிய நாங்கள் பார்க்கிறோம்.

கருவிழி என்பது கண்ணின் முன்புறம் கைக்கடிகாரக் கண்ணாடி போல் அமைந்த தெளிவான திசு. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதற்கு உறுதி தருகிற கொலாஜன் இழைகளின் பிடிப்புத் தளரும்போது, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்க இயலாமல் கருவிழி மெலிந்து, கூம்பு வடிவில் முன்னோக்கிப் பிதுங்குகிறது. 1854ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இந்நோயைப் பற்றித் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி, முப்பது வயதைக் கடந்தும் இது வளரக்கூடும். தொடங்கும் வயது எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக முற்றும். பரம்பரைக்கு இதில் பங்குண்டு. கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் பெரும் பங்குண்டு. ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் விரல் முட்டியை மடக்கிக் கண்ணில் வைத்து அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் தூசியும் மிகுந்த நம் ஊர்களில் இந்த அரிப்பு சாதாரணமாகக் காணப்படுவது. அதற்கு முறையாகச் சொட்டு மருந்து போட்டு அடக்காமல் 'கசக்காதே' என்று அதட்டினால் மட்டும் பழக்கம் நின்றுவிடாது.

வழக்கமான பவர் பரிசோதனையில் தொடக்கநிலை நோய் தப்பிவிடலாம். கருவிழியின் முன், பின் பரப்புகளின் வளைவையும் தடிமனையும் வரைபடமாகக் காட்டும் டோமோகிராபி ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். ஓராண்டுக்குள் கருவிழியின் மிகச் செங்குத்தான வளைவு ஒரு டையாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அதே அலகு) அளவுக்கு ஏறியிருந்தால், நோய் முன்னேறுகிறது என்று பொதுவாகக் கொள்கிறோம்.

முன்னேறும் நோயைத் தடுக்க இன்று வழி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, 2003இல் முதல் மருத்துவ முடிவுகள் வெளியான கொலாஜன் கிராஸ்லிங்கிங் சிகிச்சைதான் அது. அமெரிக்காவில் 2016இல் இதற்கு அனுமதி கிடைத்தது. கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரைபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 சொட்டு மருந்தை அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு அளவிட்ட புற ஊதாக் கதிரை அரை மணி நேரம் செலுத்துவது அதன் மூல முறை. இதனால் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி இறுகுகிறது. முதல் சில நாள்கள் வலியும் கண்ணீரும் இருக்கும். நோய்த்தொற்று, மங்கல் போன்ற சிக்கல்கள் சிலருக்கு வரலாம் என்பதால் சொட்டு மருந்தும் மறுபரிசோதனையும் தவறக் கூடாது.

இந்தச் சிகிச்சை நோயை நிறுத்துவதற்கானது, கண்ணாடியைக் கழற்றுவதற்கானது அன்று. ஏற்கெனவே கெட்ட வடிவத்தைப் பெரிதாக மீட்டுத் தராது. அதனால்தான் பார்வை ஓரளவு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியிருக்கிறது. மேலும், வழக்கமான முறைக்குக் கருவிழி 400 மைக்ரானாவது தடிமன் கொண்டிருக்க வேண்டும்; அதற்கும் கீழே மெலிந்துவிட்டால், கதிர் உட்புறச் செல்களைப் பாதிக்கும் அபாயம் உண்டு. அப்போது முறையை மாற்ற வேண்டிவரும், சில கண்களுக்குச் செய்யவே முடியாமலும் போகலாம். பொதுத்தேர்வு முடியட்டும், அடுத்த கோடை விடுமுறை வரட்டும் என்று பெற்றோர் தள்ளிப்போடுவதை நான் அடிக்கடி கேட்கிறேன். அவர்களுடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வளர்கிற பிள்ளையின் கருவிழியில் சில மாதங்களிலேயே மாற்றம் தெரியலாம்.

நோய் முற்றிய பிறகு சாதாரணக் கண்ணாடி போதாது. கடினமான கான்டாக்ட் லென்ஸோ, கண்ணின் வெண்பகுதியில் அமரும் ஸ்கிளீரல் லென்ஸோ நல்ல பார்வை தரும். எனினும் லென்ஸ் நோயைத் தடுப்பதில்லை. சிலருக்குக் கருவிழியின் உட்படலம் திடீரெனக் கிழிந்து, நீர் புகுந்து, ஒரே நாளில் கண் வெளுத்து வலிக்கும். அது ஆறினாலும் பலருக்குத் தழும்பு மிஞ்சும். அதன்பின், தானமாகக் கிடைக்கும் கருவிழியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதற்குப் பிறகும் நீண்டகால மருந்தும் கண்காணிப்பும் உண்டு.

கண்ணாடியை விட்டுவிட, கருவிழியை லேசரால் செதுக்கும் லேசிக் சிகிச்சை செய்துகொள்ள எண்ணும் இளைஞர்கள், அதற்கு முன் கருவிழி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கெரட்டோகோனஸ் உள்ள கண்ணில் லேசிக் செய்தால் கருவிழி மேலும் வலுவிழக்கும். ஒரு பிள்ளைக்கு இந்நோய் தெரியவந்தால், உடன்பிறந்தவர்களுக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அவர்களையும் அழைத்துவந்து ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.