ஐங்கோணம் விட்டுவைத்த இடைவெளி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் நாம் அளந்து பழகிய வட்டம், முக்கோணம், சதுரம் போன்ற வடிவங்களுக்குள் பொருளும் கற்பனையும் எங்கிருந்து வந்து சேர்கின்றன என்பதைப் பற்றிச் சற்று நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு வடிவத்துக்கு இதுதான் பொருள் என்று வரையறுத்துவிட முடியாது. அதற்காக எந்த வடிவத்தின் மீதும் எந்தப் பொருளையும் ஏற்றிவிடவும் முடியாது. வட்டத்தின் விளிம்பில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. மையத்திலிருந்து அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே தொலைவில் இருக்கின்றன. பல பண்பாடுகள் அதில் முழுமையையும் காலச்சுழற்சியையும் கண்டதற்கு இந்த இயல்பே காரணம் என்று நான் கருதுகிறேன்.

கையில் கவராயம் இருந்தால் ஒரு வட்டம் வரைந்து, அதே ஆரத்தை மாற்றாமல் விளிம்பில் அடியெடுத்து வையுங்கள். ஆறாவது அடி, தொடங்கிய புள்ளியிலேயே சரியாக வந்து விழும். அந்த ஆறு புள்ளிகளையும் மையமாக வைத்து மேலும் ஆறு வட்டங்கள் வரைந்தால் நடுவில் ஆறிதழ்ப் பூ ஒன்று மலரும். ஒருவர் அந்தப் பின்னலிலிருந்து அறுகோணத்தை எடுப்பார், இன்னொருவர் நட்சத்திரத்தை எடுப்பார்.

இஸ்லாமியக் கட்டடக் கலையின் நட்சத்திரப் பின்னல்கள் பலவும் இப்படிக் கவராயத்தையும் அளவுகோலையும் கொண்டு உருவானவை. அவற்றின் ஓரங்களை உற்றுப் பாருங்கள். பல பின்னல்களில் மூலையில் கால் நட்சத்திரமும் விளிம்பில் அரை நட்சத்திரமும் வெட்டுப்பட்டு நிற்கும். கண் தானாகவே மீதியைச் சுவருக்கு அப்பால் வரைந்துகொள்கிறது. வரைந்து காட்ட இயலாத எல்லையின்மையை, வரையாமல் விட்ட பாதி உணர்த்திவிடுகிறது.

இனி, என்னை மிகவும் கவர்ந்த வடிவமான ஐங்கோணத்துக்கு வருகிறேன். ஒழுங்கான பலகோணங்களில் ஒரே ஒரு வகையை மட்டும் கொண்டு தளத்தை இடைவெளியின்றி நிரப்ப முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றால்தான் முடியும். ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை; மூன்றை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324 ஆகிறது, 36 பாகை இடைவெளி எஞ்சுகிறது. பெரும்பாலோர் அத்துடன் விட்டுவிடுவார்கள். பிரிட்டிஷ் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1970-களில் அந்த இடைவெளிகளின் வடிவங்களையே ஆராய்ந்து, படிப்படியாகச் சுருக்கி, இரண்டே ஓட்டு வடிவங்களுக்கு வந்து சேர்ந்தார். அவற்றை விதிப்படி அடுக்கினால் பரப்பு முழுவதும் நிரம்பும். ஆனால் அந்த அமைப்பு ஒருபோதும் சீரான இடைவெளியில் மறுபடி வராது. படிகங்களில் ஐந்து மடிச் சமச்சீர், அதாவது ஐந்தில் ஒரு சுற்று திருப்பினாலும் அப்படியே தோன்றும் ஒழுங்கு, இருக்கவே இயலாது என்று அறிவியல் நம்பியிருந்த காலத்தில், 1982-இல் இஸ்ரேலிய அறிவியலாளர் டான் ஷெக்ட்மேன் ஓர் அலுமினிய–மாங்கனீசு உலோகக் கலவையில் பென்ரோஸின் அமைப்பை ஒத்த, சீராக மறுபடி வராத ஒழுங்கைக் கண்டார். அதற்காக 2011-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு ஓடுகள் எதற்கு, ஒன்றே போதாதா என்ற கேள்வி மட்டும் பல ஆண்டுகள் நீடித்தது. அதற்கு விடையாக அமைந்த, தொப்பி போன்ற 13 பக்க வடிவத்தைக் கண்டவர் டேவிட் ஸ்மித் என்னும் ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர். அட்டையில் அதைப் பல பிரதிகளாக வெட்டி, சிலவற்றைத் திருப்பிப் போட்டும், ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டே போன அவருக்கு அமைப்பு எங்கும் சீராக மறுபடி வரக் காணவில்லை. மூன்று ஆய்வாளர்கள் அவருடன் சேர, 2023-இல் அதற்கான நிறுவல் வெளியாயிற்று.

நன்றி, வணக்கம்.