கொட்டகை நெடியும் கோழியின் மூச்சுக்குழாயும்

(காட்சி: வள்ளியூர்ப் பக்கம் ஒரு கோழிக்கொட்டகை. அடைமழை. சுற்றிலும் படுதா இறக்கியிருக்கிறது.)

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் திருநெல்வேலிச் சீமையில் கோழி வளர்ப்பவர்கள் முதலில் படுதாவை இறக்கி இறுக்கிக் கட்டுவார்கள். சாரல் அடிக்காது, குஞ்சுக்குக் குளிராது. சரிதான். ஆனால் விடிந்து உள்ளே போனதும் கண்ணைக் கரிக்கிற ஒரு நெடி வருகிறதே, அது அம்மோனியா.

கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது யூரிக் அமிலம். தரையில் பரப்பியிருக்கும் உமிக் கூளம் ஈரமானால் பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும்.

(காட்சி: மூச்சுக்குழாயின் உட்சுவர், பல மடங்கு பெரிதாக.)

இந்தச் சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செல்களின் மேல் மயிர்போல முளைத்திருப்பவை குற்றிழைகள். நடுநடுவே சளி சுரக்கும் செல்கள். மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ளும். காற்றடிக்கிற வயலில் நெற்பயிர் அசைவதுபோல இழைகள் அலையலையாக அசைந்து, சளியை மேலே தொண்டைக்குத் தள்ளும். கோழி அதை விழுங்கிவிடும். ராப்பகலாக நடக்கிற காவல் இது.

அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் கண், மூக்கு, மூச்சுக்குழாய் ஈரத்திலேயே கரைந்து, சுண்ணாம்புபோல அரிக்கிற காரமாகிவிடுகிறது. காரம் பட்ட இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சடைபிடிக்கும், அப்புறம் உதிரும். சளியோ முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். தள்ளிவிட இழை இல்லாததால் அங்கேயே தேங்கும். தூசியோடு வந்த ஈ.கோலை கிருமிக்கு அதுவே வழி. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும்.

1983-இல் வான்கோழிகளின் மூச்சுக்குழாயை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வில், வெறும் 10 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அம்மோனியாவிலேயே இந்தச் சேதம் தெரிந்தது. அதற்கும் முன்பே, 1964-இல், 20 பிபிஎம் அளவை மூன்று நாள் சுவாசித்த கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வைரஸ் எளிதாகத் தொற்றியதைக் காட்டியிருந்தார்கள்.

என்னை உறுத்துவது இதுதான். இந்த அளவு நம் மூக்குக்குப் பெரிதாகவே தெரியாது. தினமும் கொட்டகையில் நிற்பவருக்கு நெடி பழகியும் போய்விடும். “எங்க கொட்டகையில நாத்தமே இல்லையே அண்ணாச்சி” என்பவரின் கோழிகூட ராத்திரியில் கரகரவென்று மூச்சு விடும், கண்ணை மூடிக்கொண்டு ஒடுங்கி நிற்கும். தடுப்பூசி போட்டாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள்.

(காட்சி: ஒருவர் கூளத்தருகே குத்தவைத்து முகர்கிறார்.)

கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். வெளியாள் ஒருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். மழை நாளிலும் படுதாவுக்கு மேலே ஓரடி இடைவெளி இருக்கட்டும். குஞ்சின் மேல் காற்று படாமல் வாயு வெளியேறிவிடும். தண்ணீர்த் தொட்டியடியில் கட்டிதட்டிய கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள், மற்றதைக் கிளறிவிடுங்கள். கோழி செத்தால் புதைத்துவிடாமல் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், மூச்சுக்குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். நெடி குறைந்தால், சேதம் முற்றாத இடத்தில் அடிச்செல்கள் பிரிந்து புது இழைச்செல்கள் வளரும்.